சுடலைமுத்து மேசன் சாரம் கட்டிய நாள்

சுடலைமுத்து மேசன் கட்டிய சுவர் சரிந்தது என்று நாற்பது வருடத்தில் ஒருவரும் சொன்னதில்லை. ஒரு வியாழக்கிழமை பின்னேரம், ஐந்தரை மணிக்கும் ஆறு மணிக்கும் இடையில், முந்நூறு பேர் சொன்னார்கள்.

மூத்த மகன் சுதாகரன்தான் கைத்தொலைபேசியைக் கொண்டுவந்து காட்டினான். பிரதேச சபையின் முகநூல் பக்கத்தில் புதிய பொது நூலகத்தின் படம் போட்டிருந்தார்கள். ஓமந்தையிலிருந்து கிழக்கே போகும் வீதியில், நாவலடிக்குளம் சந்தியில் வடக்கே திரும்பியதும் வரும் கட்டிடம் அது. திறந்து இரண்டு மாதம் ஆகிறது. அந்தக் காலத்து வாசிகசாலைகளைப் போல ஒரு மண்டபமும் நாலு யன்னலும் அல்ல. கொழும்பிலிருந்து ஒரு கட்டிடக்கலைஞர் வந்து பார்த்து வரைந்து கொடுத்தது. முகப்பில் சுவர் என்று ஒன்றே கிடையாது. அடித்தளத்திலிருந்து கூரை வரைக்கும் இருபத்துநான்கு ஒல்லியான கொங்கிறீற் பட்டிகள், ஒவ்வொன்றும் இருபத்திரண்டு அடி உயரம், இடையிடையே கண்ணாடி. பின்னேர வெயில் நேரே உள்ளே விழுந்து புத்தகங்களைப் பழுதாக்காமல் இருக்க அந்த ஏற்பாடு. ஊர்ச்சனம் அதைச் சீப்பு என்று சொல்லும். சீப்பின் ஒவ்வொரு பல்லையும் சுடலைமுத்துவும் இரண்டு மகன்மாரும் தூக்குக்குண்டு விட்டு, நூல் பிடித்து நிறுத்தியிருந்தார்கள்.

படத்தில் அந்த இருபத்துநான்கும் மேலே போகப் போக உட்பக்கம் சாய்ந்து ஒன்றையொன்று தேடிக்கொண்டு நின்றன. கட்டிடத்தின் வலது மூலை மல்லாந்து விழப்போகிறவனைப் போல இருந்தது.

படத்துக்குக் கீழே சனம் எழுதியிருந்ததைச் சுதாகரன் வாசித்தான்.

"காத்தடிக்கேக்க ஆராவது போய்ப் பிடிச்சுக்கொள்ளுங்கோ."

"அவ்வளவு புத்தகத்தையும் வாசிச்சுக் களைச்சுப்போய்ச் சாயுது போல."

"மேசன் ஆர்?"

"வேற ஆர், மேசன் வீட்டார்தான்."

அதற்கடுத்த வரியை வாசிக்காமல் விரலால் தள்ளப் பார்த்தான்.

"நில்லு. அதையும் வாசி" என்றார் சுடலைமுத்து.

சுதாகரன் தொண்டையைச் செருமினான். "அப்ப அந்த வீட்டையும் ஒருக்காப் பாருங்கோ, நிக்குதோ எண்டு."

சுடலைமுத்துவின் தகப்பன் எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தோடு மலைநாட்டுத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு மூட்டையும் ஐந்து பிள்ளைகளுமாக இந்த மண்ணில் வந்து இறங்கியவர். அப்போது ஊர் அவர்களைக் கூப்பிட்ட பெயரைச் சுடலைமுத்து இன்றுவரை தன் வாயால் சொன்னதில்லை. பதினெட்டு வயதில் வவுனியாவில் ஒரு மேசனிடம் கல் சுமக்கப் போனார். அவர் எழுப்பிய சுவர் ஒவ்வொன்றாக ஊரில் நிமிர்ந்து நின்றபோது பழைய பெயர் ஒவ்வொரு வாயிலிருந்தும் உதிர்ந்தது. போர் அந்தச் சுவர்களில் பாதியைக் கொண்டுபோயிற்று, பெயரைக் கொண்டுபோகவில்லை. இப்போது 'மேசன் வீடு, நாவலடிக்குளம்' என்று எழுதினால் கடிதம் வந்து சேரும். பேரப்பிள்ளைகளின் பள்ளிக்கூடப் பதிவிலும் அதுதான் முகவரி.

"இன்னும் இருக்கு" என்றான் சுதாகரன் மெதுவாக. "வாற வருசக் கலண்டருக்கு இந்தப் படந்தானாம். எழுதிப் போட்டிருக்காங்க. திங்கக்கெழம அச்சுக்குப் போவுது."

பிரதேச சபைக் கலண்டர் வீடு வீடாக இலவசமாகக் கொடுப்பது. அது தொங்காத வீடு அந்தப் பகுதியில் இல்லை.

மனைவி சுப்பம்மா குசினி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். "கலண்டருதானேங்க. தை மாசம் போனா யாரு அத நிமிந்து பாக்கப் போறா?"

"பன்னெண்டு மாசமும் பாப்பாங்க" என்றார் சுடலைமுத்து. வீட்டுக்குள் அவர்கள் பேசுவது மலைநாட்டுப் பேச்சு. வாசல் படலையைத் தாண்டினால் வன்னிப் பேச்சு. "ராகு காலம் பாக்க, அமாவாசை பாக்க, கல்யாணத்துக்கு நாள் பாக்க. பாக்கிற நேரமெல்லாம் என் சுவரு சாஞ்சு நிக்கும்."

அன்று அவர் சாப்பிடவில்லை.

மறுநாள் விடிந்ததும் விடியாததுமாகப் பிள்ளைகள் இருவரோடும் நூலகத்துக்குப் போய், ஏணி வைத்து, இருபத்துநான்கு பட்டிக்கும் மறுபடி தூக்குப் பார்த்தார். மேலே ஒரு விரல்கடை விட்டுப் பிடித்த நூல் கீழேயும் அதே ஒரு விரல்கடையில் நின்றது. இருபத்துநான்கும் அப்படியே. சரி, கட்டிடத்தில் பிழையில்லை. அது அவருக்கு முன்பே தெரியும். தெரிந்ததைச் சனத்துக்கு எப்படிக் காட்டுவது?

ஏணியால் இறங்கும்போது வீதியில் ஒரு மோட்டார் சைக்கிள் வேகம் குறைந்தது. கட்டம் போட்ட சாரத்தை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டியபடி யோகலிங்கம் போய்க்கொண்டிருந்தார்.

"என்ன மேசன்! சுவர் சரியோ, சரிஞ்சுதோ?"

பதில் வராது என்று தெரிந்தே கேட்டுவிட்டு, சிரித்தபடி போய்விட்டார்.

நூலகத்துக்கு நேர் எதிரே, வீதிக்கு மற்றப் பக்கம் இருப்பது யோகலிங்கத்தின் வயல். குளத்துத் திட்டத்தில் காணி கிடைத்துத் தென்மராட்சியிலிருந்து வந்து குடியேறிய குடும்பம். ஒன்பது வருடத்துக்கு முன் அவருடைய வீட்டையும் சுடலைமுத்துதான் கட்டினார். புதுவீடு குடிபூரும் நாளில் மேசனையும் தச்சனையும் வாசலுக்கு அழைத்து, வெற்றிலையோடு வேட்டியைக் கையில் கொடுத்து, அதன்பிறகே வீட்டுக்காரர் உள்ளே கால் வைப்பது வழக்கம். யோகலிங்கம் அழைக்கவில்லை. இரண்டு நாள் கழித்து உழவு இயந்திரச் சாரதியிடம் ஒரு கடைப் பையில் வேட்டியைக் கொடுத்தனுப்பினார். சுடலைமுத்து பையைப் பிரித்தும் பார்க்காமல் அதே சாரதியிடம் திருப்பி அனுப்பினார். கையால் தரவேண்டியதை ஆள் விட்டு அனுப்புகிற மனிதரோடு தனக்குக் கதை இல்லை என்றார். அன்றோடு பேச்சு நின்றது.

காலை எட்டரை பஸ்ஸில் சுடலைமுத்து வவுனியாவுக்குப் போனார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, தோளில் சால்வை. படத்துக்குக் கீழே சபை போட்டிருந்த ஸ்ரூடியோவின் பெயரைச் சுதாகரன் கடதாசியில் எழுதிக் கொடுத்திருந்தான். பஸ் நிலையத்துக்குப் பின்னால் இரண்டாம் மாடியில் இருந்தது அது. கதிரையில் இருந்த பெண்ணுக்கு நாற்பது வயது இருக்கும். கௌசலா என்று பெயர் சொன்னாள்.

"இருங்கோ ஐயா. கலியாண அல்பமோ?"

"இல்லை பிள்ளை. நாவலடிக்குளம் நூலகத்தைக் கட்டினது நான். என்ர சுவரை நீங்கள் சரிச்சுப் போட்டீங்கள்."

கௌசலா எழுந்து நின்றுவிட்டாள். "அந்தப் படமோ! ஐயா, அதைப் பாத்திட்டு எனக்கும் நித்திரை இல்லை. சபைக் கிளாக்கர் சும்மா பாக்கக் கேட்டவர் எண்டு கமராவில இருந்ததை அப்பிடியே அனுப்பினனான். மனுசன் கலண்டருக்கு எண்டு பேஸ்புக்கில போட்டிட்டுது."

"சரிஞ்சது எப்பிடி?"

"நான் சரிக்கேல்லை. லென்ஸ்தான் சரிச்சது."

அவள் கமராவை எடுத்து, அதில் குட்டையான, கண் பிதுங்கிய ஒரு லென்ஸைப் பூட்டினாள். அகலக்கோண லென்ஸ் என்றாள். நெருக்கமான இடத்தில் நின்றுகொண்டே பெரிய கட்டிடத்தை முழுதாகப் பிடிக்க அதுதான் வேண்டும்; அறைக்குள் நின்றால் நாலு மூலையையும் அள்ளிக்கொண்டு வரும். பல்கனிக்குக் கூட்டிப்போய்க் கமராவைச் சுடலைமுத்துவின் கையில் கொடுத்தாள்.

"நேர பிடிச்சுப் பாருங்கோ. எதிர்க்கடை எப்பிடி நிக்குது?"

"நேராத்தான்."

"இப்ப கொஞ்சம் மேல தூக்குங்கோ, கூரை தெரிய."

சுடலைமுத்து தூக்கினார். எதிரே இருந்த மூன்று மாடிக் கடைத்தொகுதி இரண்டு பக்கச் சுவரையும் உள்ளே இழுத்துக்கொண்டு பின்னுக்குச் சாய்ந்தது. இறக்கினார், எழுந்து நின்றது. மறுபடி தூக்கினார், சாய்ந்தது. நாலைந்து தரம் செய்து பார்த்தார். கீழே பழக்கடைக்காரன் இவர் யாருக்குச் சலாம் போடுகிறார் என்று அண்ணாந்து பார்த்தான்.

"எந்தக் கமராவும் அண்ணாந்தால் இப்பிடித்தான். இந்த லென்ஸில இன்னும் கூடத் தெரியும்" என்றாள் கௌசலா.

கமராவின் தலையில் பொருத்தியிருந்த ஒரு சின்னக் கண்ணாடிக் கட்டியை அப்போதுதான் சுடலைமுத்து கண்டார். உள்ளே பச்சைத் தண்ணீரில் ஒரு குமிழ் ஓடியது.

"இது நீர்மட்டமெல்லோ!"

"ஓம்."

"மட்டம் வச்சிருந்தும் மட்டம் பாக்காமலோ எடுத்தனீங்கள்?"

கௌசலாவுக்கு முகம் சிவந்தது. "மட்டம் பாத்தால் மேல் பாதி வெட்டுப்படும் ஐயா. வீதியில நிண்டு எடுத்தது. பின்னால போக இடமில்லை, வேலி. அண்ணாந்து எடுத்துப்போட்டுப் பிறகு கம்பியூட்டரில நிமித்திறனாங்கள். இப்ப ஐஞ்சு நிமிசத்தில நிமித்தித் தாறன், பாருங்கோ."

"வேண்டாம்."

"ஏன்?"

"சபை நிமித்தின படத்தைப் போட்டால் சனம் என்ன சொல்லும்? கம்பியூட்டரில நிமித்திப் போட்டாங்கள் எண்டு சொல்லும். நேத்துச் சரிஞ்சதைப் பாத்த சனம். என்ர சுவருக்குக் கம்பியூட்டர் முட்டுக்கொடுக்கத் தேவையில்லைப் பிள்ளை. அது நிமிந்துதான் நிக்குது. நிமிந்து நிக்கிற மாதிரியே எடுத்துத் தாருங்கோ."

கௌசலா ஒரு கடதாசியில் கோடு கீறினாள். கமராவை மட்டமாக வைத்தே முழுக் கட்டிடமும் விழவேண்டுமென்றால் அது கட்டிடத்தின் பாதி உயரத்தில் நிற்கவேண்டும். பன்னிரண்டு அடி. வீதியிலிருந்து இன்னும் நாற்பது அடி பின்னே போகவேண்டும். ஞாயிறு பின்னேரம் வெயில் முகப்பில் விழும்போது எடுத்தால் திங்கள் காலை அச்சுக்குக் கொடுக்கலாம்.

"ட்ரோன் விட்டால் சுகம். ஆனால் அதுக்கு அனுமதி கிடைக்கிறதுக்குள்ள வாற வருசமே முடிஞ்சிடும்" என்றாள்.

"பன்னிரண்டு அடி எனக்கு ஒரு உயரமோ? காலமை நாலு மரம் நட்டுச் சாரம் கட்டினால் மத்தியானத்துக்கு முடிஞ்சிடும்" என்றார் சுடலைமுத்து.

பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் அவருக்கு உறைத்தது. வீதியிலிருந்து நாற்பது அடி பின்னே என்றால் அது யோகலிங்கத்தின் காணி.

சனிக்கிழமை முழுக்க அவர் அந்தப் பக்கம் மூன்று தரம் போனார், மூன்று தரம் திரும்பி வந்தார். நூலகத்தின் பொறுப்பாளர் சிவலட்சுமி யோகலிங்கத்துக்குத் தமையன் மகள். கடைசியில் அவளுடைய மேசைக்கு முன்னால் போய் நின்றார்.

"நீங்களே போய்க் கேளுங்கோவன் ஐயா. சித்தப்பா கடிக்க மாட்டார்."

"நீங்கள் கேளுங்கோ. ஒரு வசனந்தான். நாளைக்கு உங்கட காணியில மேசன் சாரம் கட்டப்போறார், விடுவீங்களோ எண்டு."

சிவலட்சுமி அங்கேயே தொலைபேசியை எடுத்தாள். மறுமுனையில் உழவு இயந்திரம் இரைந்துகொண்டிருந்தது. "சித்தப்பா! நாளைக்குப் படம் எடுக்க வருகினம். மேசன் ஐயா உங்கட காணியில சாரம் கட்டப்போறாராம். ஓமோ?" என்று இரண்டு தரம் கத்தினாள். பிறகு காதைத் தேய்த்துக்கொண்டு வைத்தாள்.

"என்னவாம்?"

"'கட்டட்டும், எனக்கென்ன' எண்டார். சிரிச்சவர்."

சுடலைமுத்துவுக்கு மனதிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. வாய் எப்படியிருந்தாலும் மனிதரிடம் கொஞ்சம் பண்பு இருக்கிறது என்று எண்ணிக்கொண்டார்.

ஞாயிறு காலை எட்டு மணிக்கு மரங்களையும் கயிற்றையும் ஏற்றிக்கொண்டு மூன்று பேரும் போனார்கள். வேலியைத் தாண்டினால் ஒரு மேட்டுத் துண்டு. அதற்கப்பால் இடுப்பளவு பச்சை நெல். நெல்லில் ஒரு தாள் மிதிபடாமல் மேட்டிலேயே குழி தோண்டி நாலு மரம் நட்டு, குறுக்குக் கட்டி, பலகை போடும் தறுவாயில் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. அதற்குச் சற்று முன்தான் கௌசலாவும் கமராப் பையோடு பஸ்ஸால் இறங்கியிருந்தாள்.

"ஆரைக் கேட்டு என்ர காணிக்குள்ள மரம் நட்டனீர்?" யோகலிங்கத்தின் குரல் வாய்க்கால் வரைக்கும் கேட்டிருக்கும்.

சுதாகரன் மேலேயிருந்து குனிந்தான். "நீங்கள்தானே ஓம் எண்டனீங்கள், அங்கிள். சிவலட்சுமி அக்கா கேட்டவாவெல்லோ."

"அவள் கேட்டது உன்ர அப்பர் சாரம் கட்டிறதை!"

"இதென்ன பின்ன? சாரந்தானே கட்டிறம்."

யோகலிங்கம் நாலு மரத்தையும் மேலே கீழே பார்த்தார். பிறகு குனிந்து தன் இடுப்பைப் பார்த்தார்.

"அட கடவுளே! நான் இந்தச் சாரம் எண்டெல்லோ நினைச்சன்!" கட்டம் போட்ட துணியை இரண்டு கையாலும் பிடித்து உதறிக் காட்டினார். "மேசன் எந்த நாளும் வெள்ளை வேட்டி. நாளைக்குப் படம் எடுக்க வருகினம், அவர் சாரம் கட்டிக்கொண்டு வந்து நிக்கப்போறாராம், அதுக்கு ஏன் என்னைக் கேக்கிறார் எண்டு வீட்டில மனிசிக்கும் சொல்லிச் சிரிச்சனான்."

இளைய மகன் கயிற்றை விட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டான். கௌசலா நெல்லைப் பார்ப்பது போல மற்றப் பக்கம் திரும்பினாள், தோள் குலுங்கியது.

"சிரிக்காதேங்கோ! இப்பவே சாரத்தைக் கழட்டுங்கோ எல்லாரும்!" என்று யோகலிங்கம் கத்தினார். கத்திய பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே விளங்கியது. சுதாகரன் மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சிரித்தான்.

சுடலைமுத்து மட்டும் சிரிக்கவில்லை. சிரிப்பு அடங்கியபோது யோகலிங்கமும் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்னட்டை நேர வந்து கேக்க உமக்கு வாய் இல்லையோ மேசன்? ஆள் விட்டோ கேக்கிறது?"

அந்தச் சொல் சுடலைமுத்துவை நின்ற இடத்தில் பிடித்து நிறுத்தியது. ஆள் விட்டோ. ஒன்பது வருடமாக அவர் மனதுக்குள் யோகலிங்கத்தைக் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி அதுதான். அதை யோகலிங்கத்தின் வாயால், தன்னைப் பார்த்துக் கேட்க நேரும் என்று அவர் நினைத்ததேயில்லை. திரும்பிப் பார்த்தார். வீதிக்கு அப்பால் இருபத்துநான்கு பட்டியும் காலை வெளிச்சத்தில் பேசாமல் நின்றன. மரத்தைப் பிடுங்கிக்கொண்டு போய்விடலாம். போனால் தலை குனியாது. கலண்டரில் சுவர் சரியும். பேரப்பிள்ளை பள்ளிக்கூடத்தில் முகவரி சொல்லும்போது யாராவது சிரிப்பார்கள்.

கையிலிருந்த கயிற்றைக் கீழே வைத்துவிட்டு யோகலிங்கத்துக்கு நேரே வந்து நின்றார்.

"பிழை என்னில. நான் நேர வந்து கேட்டிருக்க வேணும்."

யோகலிங்கம் இதை எதிர்பார்க்கவில்லை.

"இப்ப கேக்கிறன். என்ர சுவரைச் சரிஞ்சது எண்டு ஊர் சொல்லுது. அதை நேர நிண்டு எடுக்க உங்கட காணி வேணும். பொழுதுபட முதல் கழட்டிப் போடுவன். விடுவீங்களோ?"

யோகலிங்கம் சாரத்தை அவிழ்த்து மறுபடி இறுக்கிக் கட்டினார். அதற்கு எடுத்த நேரம் கொஞ்சம் அதிகந்தான்.

"ஆள் விட்டு அனுப்பிற பழக்கம் எனக்கும் இருந்ததுதான்" என்றார் கடைசியில். "அண்டைக்கு வீடு நிறையச் சனம், மேசன். ஐயர் வேற நேரம் போகுது எண்டு அவசரப்படுத்தினார். உம்மை விட்டிட்டன். பிறகு நேர வர முகமில்லை."

"சனம் நிறைய எண்டு கேள்விப்பட்டனான்" என்றார் சுடலைமுத்து.

"கட்டுங்கோ. ஆனால் முதல் நான்தான் ஏறிப் பாப்பன்" என்றார் யோகலிங்கம். "சரிஞ்சிருந்தால் ஊர் முழுக்கச் சொல்லுவன்."

"சொல்லுங்கோ."

பதினொரு மணிக்குப் பலகை போட்டு முடிந்தது. கௌசலா ஏறிக் கமரா முக்காலியை நிறுத்தி, குமிழ் நடுவில் வரும்வரைக்கும் கால்களை நீட்டிக் குறுக்கினாள். யோகலிங்கம் சாரத்தை முழங்காலுக்கு மேல் தூக்கிச் சண்டிக்கட்டாகக் கட்டிக்கொண்டு பின்னால் ஏறினார். கமராவின் திரையைக் கையால் மறைத்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு குனிந்தார். ஒவ்வொரு பட்டியாகப் பார்த்துக்கொண்டு போனார். கீழே சுடலைமுத்து கைகளைப் பின்னால் கட்டியபடி, எங்கேயோ பார்ப்பவரைப் போல நின்றார். விரல்கள் மட்டும் ஒன்றையொன்று நெரித்துக்கொண்டிருந்தன.

"எப்பிடி?" என்று சுதாகரன் கேட்டான்.

"நேர்" என்றார் யோகலிங்கம். குரலில் ஏனோ சந்தோசம் இல்லை. "சீப்பு நேராத்தான் நிக்குது. ஒரு பல்லும் பிசகேல்லை."

"பிறகென்ன?"

"என்ர வேலி!"

திரையில் முகப்பு அளவெடுத்து வைத்ததைப் போல நின்றது. அதற்கு முன்னால், படத்தின் கீழ்ப்பக்கம் முழுக்க, யோகலிங்கத்தின் முட்கம்பி வேலி. மாடுகள் முதுகு சொறிந்து சொறிந்து ஒரு கட்டை வடக்கே சாய்ந்திருந்தது, அடுத்தது தெற்கே, இன்னொன்று கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது. அகலமான லென்ஸ், ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. இந்தக் கரைக் கட்டையிலிருந்து அந்தக் கரைக் கட்டை வரைக்கும் அள்ளியிருந்தது.

"இதைத்தான் நானும் எப்பிடிச் சொல்லுறது எண்டு யோசிச்சுக்கொண்டு நிண்டனான், அங்கிள்" என்றாள் கௌசலா.

"உதுவும் கலண்டரில வருமோ?"

"முன்னுக்கே வரும்."

"பன்னிரண்டு மாசமும் எல்லாற்ர வீட்டிலயும் என்ர வேலி விழுந்து கிடக்கோ? சம்பந்தி வீட்டிலயும்?" யோகலிங்கம் ஏறியதைவிட வேகமாக இறங்கினார். "நில்லுங்கோ, ஒருத்தரும் படம் எடுக்கக்கூடாது! நான் கட்டை நிமித்த அலவாங்கு கொண்டு வாறன்."

பத்தொன்பது கட்டை. ஒரு மனிதர் தனியாக நிமிர்த்தக்கூடிய வேலையல்ல. சுடலைமுத்து சால்வையை இடுப்பில் இறுக்கிக்கொண்டு முதல் கட்டையைப் பிடித்தார். மகன்மார் குழி இறுக்கினார்கள். யோகலிங்கம் கம்பியை இழுத்து ஆணி அடித்தார். நாலாவது கட்டையில் சுடலைமுத்து தூக்குக்குண்டை எடுத்து நூலைத் தொங்கவிட்டபோது யோகலிங்கம் சுத்தியலோடு நின்றுவிட்டார்.

"வேலிக்கட்டைக்கும் ஆரும் தூக்குப் பாப்பினமோ?"

"கலண்டரில வாற வேலிக்குப் பாக்கத்தான் வேணும்."

"அது சரி. இங்காலை அரை விரல் தள்ளுங்கோ."

மத்தியானம் யோகலிங்கத்தின் மனைவி சோற்றோடு வந்தார். சிவலட்சுமியும் நூலகத்து வாசலில் நின்று பார்த்துவிட்டு, தன் பங்குக்குத் தேத்தண்ணி அனுப்பினாள். 'கட்டட்டும், எனக்கென்ன' என்ற கதை அதற்குள் சந்திக்கடை வரைக்கும் போய்விட்டது. மூன்று மணிக்கு மழை இருட்டிக்கொண்டு வந்தது. கௌசலா கமராவுக்கு மேல் குடையைப் பிடித்துக்கொண்டு சாரத்திலேயே குந்தியிருந்தாள். நாலரையாயிற்று. பிறகு மேற்கே முகில் பிளந்து, நனைந்த வயலுக்கு மேலால் வெயில் நேரே வந்து இருபத்துநான்கு பட்டியிலும் விழுந்தது. ஒவ்வொன்றும் தன் நிழலை அடுத்ததன்மேல் ஒரே அகலத்தில் போட்டது.

கமரா ஆறு தரம் ஒலித்தது.

"ஐயா, வந்து பாருங்கோ" என்று கூப்பிட்டாள் கௌசலா.

அறுபத்தாறு வயதில் சாரம் ஏறுவது சுடலைமுத்துவுக்குப் புதிதல்ல. ஆனால் திரைக்கு முன்னால் குனிந்தபோது மூச்சு வாங்கியது. கீழே புல்மேடு, நேர்வரிசையில் வேலி, ஈர வீதி, அதற்குமேல் அவருடைய கட்டிடம். கட்டும்போது அவர் அதை ஒருநாளும் முழுதாகக் கண்டதில்லை. கிட்ட நின்றால் ஒரு பட்டி தெரியும், ஒரு பூச்சுத் தெரியும். இப்போதுதான் முதல் தரம் எல்லாமும் ஒன்றாக, ஒரு கைப்பிடிக்குள், நிமிர்ந்து நின்றது. கண்ணாடிக்குப் பின்னால் இரண்டு பிள்ளைகள் மேசையில் தலைகுனிந்து வாசித்துக்கொண்டிருந்ததும் தெரிந்தது.

"இதை ஒரு இடமும் தொடாமல் அனுப்புவீங்களோ?"

"வெட்டவும் மாட்டன், நிமித்தவும் மாட்டன். அப்பிடியே எழுதியும் விடுறன்."

திங்கள் காலை சபையின் பக்கத்தில் புதிய படம் வந்தது. கீழே ஒரு வரி: கமராவிலிருந்து எடுத்தபடியே, திருத்தப்படாதது. பழைய படத்தைக் கிளாக்கர் சத்தமில்லாமல் எடுத்துவிட்டார். அச்சுக்குப் போனது புதியதுதான். பொழுதுபடுமுன் கழற்றுவதாகச் சொன்ன சாரத்தைச் சுடலைமுத்து ஞாயிறே கழற்றி, குழிகளை மூடி, மண்ணை மிதித்து மட்டமாக்கியிருந்தார்.

மார்கழிக் கடைசியில் ஒரு காலை, மேசன் வீட்டுக்குக் கொக்கிளாயிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். கடற்றொழில் செய்யும் ஆட்கள். தங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒரு நூலகம் கட்ட முடிவாகியிருக்கிறதாம், வரைபடம் கையில் இருக்கிறதாம், மேசன் தேடுகிறார்களாம். தன் வீட்டுப் பின்பக்கக் குசினிக்குப் படி வைப்பதைப்பற்றிக் கதைக்க வந்த யோகலிங்கமும் விறாந்தைக் கதிரையில் இருந்தார்.

வந்தவர்களில் மூத்தவர் கொஞ்சம் தயங்கினார். "குறை நினையாதேங்கோ, மேசன் ஐயா. படத்தைப் பாத்துத்தான் வந்தனாங்கள். ஆனால் இப்ப எல்லாத்தையும் கம்பியூட்டரில நிமித்தலாமாம். உது மெய்யாவே—"

சுதாகரன் வாயைத் திறந்தான். அவனுக்கு முந்தி யோகலிங்கம் கதிரையின் நுனிக்கு வந்துவிட்டார்.

"நான் பாத்தனான்" என்றார். "சாரத்தில ஏறி நிண்டு, இந்த ரெண்டு கண்ணாலயும் பாத்தனான். பிழை பிடிக்கிறதுக்கெண்டே ஏறினனான், தம்பி. ஒரு நூல் பிசகில்லை. சுடலைமுத்தற்ர சுவர் அது. என்ர வீட்டையும் கட்டினவர் இவர்தான், வேணுமெண்டால் வந்து தூக்கு விட்டுப் பாருங்கோ."

சுடலைமுத்து வீதிப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் கேளாதவரைப் போல இருந்தார். பிறகு குசினிப் பக்கம் திரும்பி, "அஞ்சு பேருக்குத் தேத்தண்ணி" என்று குரல் கொடுத்துவிட்டு, வந்தவர்களின் கையிலிருந்த வரைபடத்தை வாங்கி மடியில் விரித்தார்.

"உங்கட பக்கம் நிலம் மணல்தானே? எத்தினை அடி தோண்டினால் தண்ணி வரும்?"